பின் சீட்டில் யாரும் இல்லை

புனேயில் தமிழ் காதில் விழுந்தால் கையிலிருக்கும் போனை மறந்துவிடுவது என் கெட்ட பழக்கம். ஆகுர்டியிலிருந்து கேம்ப் பகுதிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான்:

"நேத்து குக்கர் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சுடா."

"கூப்பிடல. நான் பக்கத்துலதான இருந்தேன்."

"காலேஜ்ல நாலு வருஷம் கஞ்சா அடிச்சோம், சரி. விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் ஏன்டா இப்படி?"

"அதக் கேக்கத்தான் போன வாரம் உன்ன டாக்டர்கிட்ட அனுப்பினேன்."

"போனேன். அங்க டாக்டர் நெஜமாவே உக்காந்திருக்காரா, எனக்கு மட்டும் தெரியறாரான்னு சொல்ல நீ இல்ல. அதான் எழுந்து வந்துட்டேன்."

நண்பன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். ஜன்னலோரம் இருந்தவன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பின் சீட்டுல ஒருத்தர் நாம பேசறதையே கேட்டுட்டிருக்காரு. நெஜமா இருக்காரா?"

நண்பன் திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தான்.

"யாரும் இல்லடா."

"அப்ப நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம். நீயும் வா."

"வரேன்."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போனது. அவர்கள் இறங்கும்வரை நான் இருமக்கூட இல்லை.