துணி மூடிய ஆட்டம்

அக்கா: ...தாத்தா பல் தேய்ச்ச கையோட நேரா இங்கதான் வருவாரு. மூஞ்சியைக்கூடத் துடைக்க மாட்டாரு. பலகை மேல இருக்கிற துணியை எடுப்பாரு, ஒரே ஒரு காயை நகர்த்துவாரு, மறுபடி மூடிட்டு பஸ் ஓட்டப் போயிடுவாரு. ரிட்டயர் ஆனப்புறமும் அந்தப் பழக்கம் போகலை.

தம்பி: எனக்கே கதை சொல்றியா? சாயந்திரம் கடையிலேருந்து வந்து பதிலுக்கு நகர்த்தினது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?

அக்கா: ஒரு ஆட்டம் முடியறதுக்குள்ள ஒரு மழைக்காலமே போயிடும். அம்மா கேப்பாங்களே, "இது சதுரங்கமா, கோர்ட்டு கேஸா"ன்னு...

தம்பி: சரி சரி. ரூமைக் காலி பண்ணணும்னியே, பண்ணு. பலகையை மட்டும் நான் எடுத்துக்கறேன்.

அக்கா: அது எதுக்கு உனக்கு?

தம்பி: ஏன், உனக்கு வேணுமா?

அக்கா: சும்மா கேட்டேன்டா. தாத்தா வீட்டை விட்டுப் போன நாள்லேருந்து நீ அதைத் தொட்டதே இல்லையே.

தம்பி: தொடலை. துணியைத் தூக்கிக்கூடப் பாக்கலை.

அக்கா: அப்படியா...

தம்பி: அப்படித்தான். என்ன இழுக்கறே?

அக்கா: ஒண்ணுமில்லை. நீ பேசு.

தம்பி: நீ தொட்டியா? பெருக்கறப்ப, தூசி தட்டறப்ப... ஏதாவது கீழ விழுந்துச்சா?

அக்கா: என்ன விழணும்?

தம்பி: காய்தான்.

அக்கா: எந்தக் காய்?

தம்பி: ஏதோ ஒண்ணு. யானை மாதிரி.

அக்கா: வெள்ளையா, கறுப்பா?

தம்பி: வெள்ளை... நீ என்ன போலீஸா?

அக்கா: மூடின துணிக்குள்ள வெள்ளை யானை ஒண்ணு குறையுதுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?

தம்பி: துணி அந்தப் பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்துச்சு.

அக்கா: ஆமாமா. யானையாச்சே, எவ்வளவு பெருசு!

தம்பி: நீ மட்டும் ரொம்ப யோக்கியமா? சண்டை போட்ட அன்னிக்கு ஆட்டம் எப்படி நின்னுச்சுன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். இப்ப என் பக்கம் பாதிக் காய் இடம் மாறியிருக்கு. யாரு ஆடினது?

அக்கா: நான்தான்.

தம்பி: என் காயை வச்சா?

அக்கா: உன் பேரை வச்சும்தான். அவர் அந்த டிப்போ பக்கத்து ரூமுக்குக் குடிபோனப்புறம் தினம் சாயந்திரம் போன்ல பேசுவேன். "சாப்பிட்டியா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடியே, "நரி என்ன நகர்த்தினான்?"னு உன்னைப் பத்திதான் கேப்பாரு. அவன் இன்னும் கோவமாத்தான் இருக்கான்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

தம்பி: அதனால?

அக்கா: காலைல ஏதோ ஒரு காயை நகர்த்துவேன். சாயந்திரம் பலகையைப் பாத்து ஒப்பிப்பேன். அவர் அங்க ஒரு சின்னப் பலகை வாங்கி, இதே மாதிரி அடுக்கி வச்சிருந்தாரு. அவர் சொல்ற காயை நான் இங்க நகர்த்துவேன்.

தம்பி: ஆடத் தெரியாதவ! குதிரையை நேரா ஓட்டினவதானே நீ!

அக்கா: வா வழிக்கு. நான் நேரா ஓட்டின குதிரை, சாயந்திரம் பாத்தா சரியா ஒரு கட்டம் தாவி உக்காந்திருக்கும். நான் ஓட்டினதை நீ எப்ப பாத்தே?

தம்பி: ...கடைக்குக் கிளம்பறப்ப.

அக்கா: பாத்துட்டு?

தம்பி: திருத்தி வச்சுட்டுப் போவேன். சாயந்திரம் நீ போன்ல ஒப்பிக்கறது என் காதுல விழுமே. நான்தான் இப்படிக் கேவலமா ஆடறேன்னு அவர் நினைச்சா என் மானம் என்ன ஆகும்?

அக்கா: மானமாம்! அதெல்லாம் முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டாரு. "இது உன் கை இல்லம்மா, நரியோட கை. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே, காட்டினா நிறுத்திடுவான்"னாரு.

தம்பி: தெரியுமா அவருக்கு? தெரிஞ்சும் நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

அக்கா: நீ சொன்னியா? போனை எடுத்து "தாத்தா"ன்னு ஒரு தடவை கூப்பிட்டிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்?

தம்பி: எந்த முகத்தோட? "என் யானையை இழுத்து உன் குதிரை வாயில வச்சிருக்கே, திருட்டு ஆட்டம் ஆடறே"ன்னு அம்மா முன்னாடி சொன்னாரு. நான் தொடவே இல்லக்கா. ஆத்திரத்துல வாய்க்கு வந்ததை...

அக்கா: "வாடகைக்கு வந்தவர்தானே, என்னைக் கேக்க நீங்க யாரு"ன்னே. நான் அடுப்படியிலதான் இருந்தேன்.

தம்பி: சொந்தத் தாத்தா முகம் எனக்கு ஞாபகமே இல்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு தரையில புரண்டப்ப தோள்ல தூக்கிட்டுப் போனவரைப் பாத்து, யாருன்னு கேட்டேன்.

அக்கா: சரிடா... அழாதே.

தம்பி: யாரு அழறா? ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லு. சாகற வரைக்கும் நான் திருடினேன்னுதான் நினைச்சாரா? அந்த யானையை நீ தொலைச்சியா, அவர் எடுக்கச் சொன்னாரா?

அக்கா: அவர்தான் எடுக்கச் சொன்னாரு. என் கைப்பையில பத்திரமா இருக்கு.

தம்பி: ஆட்டத்தைக் கலைக்கச் சொன்னாரா? அவ்வளவு வெறுப்பா என் மேல? ஞாயித்துக்கிழமை இங்க வர்றதா இருந்தாருன்னு அம்மா சொன்னாங்களே, அது எதுக்கு? மிச்ச சாமானை அள்ளிட்டுப் போகவா?

அக்கா: இல்லடா. போன வாரம் அவர் பலகையில ராணி ஒரு இடத்துல, நம்ம பலகையில வேற இடத்துல. சாயந்திரம் எனக்குச் சொல்லி நகர்த்தினதை மறந்துட்டு மறுநாள் காலைல மறுபடி நகர்த்தியிருக்காரு. போன்ல ரெண்டு பலகையையும் ஒப்பிட்டுப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, "இந்த ரூம்ல என்னைத் தவிர யாரும்மா இருக்கா? அப்ப, அன்னிக்கு அங்கயும் ரெண்டு தடவை நகர்த்தினது நான்தான். பிள்ளை மேல வீணாப் பழி போட்டுட்டேன். அபராதமா என் யானையை எடுத்துடு. ஏன்னு நீ சொல்லாதே. ஞாயித்துக்கிழமை நானே வந்து, அம்மா முன்னாடியே, அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."