நெட்டையன் செய்த துரோகம்

இந்த நாற்காலி சௌகரியமாக இருக்கிறது, ஐயா. விமானி இருக்கையில் இப்படித் தாராளமாகக் காலை நீட்ட முடியாது. விசாரணை அறை என்றதும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வந்தேன்.

நெட்டையனிலிருந்து தொடங்குகிறேன். விமானப் பயிற்சிப் பள்ளி விடுதியில் அவனும் நானும் ஒரே அறை. கதவு நிலையில் இடித்து இடித்து அவன் நெற்றி எப்போதும் வீங்கியிருக்கும். வானிலைப் பாடம் அவன் மண்டையில் ஏறாது. தலையணைப் பஞ்சைப் பிய்த்து மேகங்களை நான்தான் விளக்கினேன். எனக்கோ ரேடியோவில் பேச நாக்கு குழறும். அவன் குளியலறைக்குள்ளிருந்து கட்டுப்பாட்டுக் கோபுரமாகப் பேசுவான். நான் வெளியே நின்று தரையிறங்க அனுமதி கேட்பேன்.

"அனுமதி இல்ல, சோப்பு போட்டுக்கிட்டிருக்கேன்" என்பான்.

எழுத்துத் தேர்வுகளில் இருவரும் சேர்ந்தே தேறினோம்.

ஒரு காலை, ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தேன். கண் விழித்தால் என் தலை அவன் மடியில். சிறு வயதிலிருந்தே எப்போதாவது வரும் வலிப்பு. மருத்துவப் பரிசோதனையில் மறைத்திருந்தேன். அவனிடம் மட்டும் சொன்னேன்.

"நான் வாயத் திறக்க மாட்டேன்டா. ஆனா நீயே போய் டாக்டர்கிட்ட சொல்லிடு."

நான் சொல்லவில்லை. இறுதிப் பறப்புத் தேர்வு நெருங்கியபோது தலைமைப் பயிற்சியாளர் கூப்பிட்டார்.

"உனக்கு வலிப்பு வருதுன்னு உன் ரூம்மேட் சொல்றான். உண்மையா?"

கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அவன்தான் எல்லாம். அவனே காட்டிக்கொடுத்துவிட்டான். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"விழுந்தது நான் இல்ல சார், அவன்தான். மாட்டிக்குவோம்னு முந்திக்கிட்டான்."

இருவருடைய தலையையும் படம் பிடித்தார்கள், எதுவும் அகப்படவில்லை. பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தால் பறக்கலாம் என்றார்கள். அவன் தேர்வன்று காலை நான்தான் டீ போட்டேன். சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து, கண் கலங்க வாங்கிக் குடித்தான். தூக்க மாத்திரையைப் பொடித்துப் போட்டிருந்தேன். பயிற்சியாளர் கூட இருப்பார் என்று தெரிந்தே செய்தேன். நான் கொலைகாரன் இல்லை. நடுவானில் அவன் தலை தொங்கிவிட்டது. இனி பறக்கவே கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

நான் தேறினேன். பயணிகள் விமானத்தில் பல வருட வேலை. என் சீருடையை அம்மா வேறு யாரையும் தேய்க்க விடமாட்டாள்.

விபத்தன்று தரையிறங்கும்போது நடந்தது எனக்கு நினைவில்லை. துணை விமானி, புதிதாகச் சேர்ந்த பெண், "சார், கைய விடுங்க சார்" என்று கத்தியது பதிவாகியிருப்பதாகச் சொன்னீர்கள். சுக்கானைப் பிடித்தபடி விறைத்த என் கைகளைப் பிரிக்க அவளால் முடியவில்லையாம். அவளும் முன்வரிசைப் பயணிகளும் போய்ச் சேர்ந்தார்கள். வலிப்பு வந்தது எனக்குத்தான். அன்று டீயில் மாத்திரை போட்டதும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்கு நெட்டையன் வந்தான். தலை நரைத்திருந்தது.

"உன்னக் கவுக்க சொல்லலடா. மேல போய் விழுந்துடுவியோன்னுதான் சொன்னேன்," என்று அழுதான்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நம்பிச் சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்றத் தெரியாதவன் அவன். எத்தனை உயிர் போய்விட்டது, பாருங்கள். அவனை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.