முதல் வார்த்தை மட்டும்

“வெள்ளம் வந்நுன்னு எழுதியிருக்கு சார், நான் பின்ன என்ன—”

“கொச்சே, வெள்ளம்னா தண்ணி. பைப்பில குடிக்கிற தண்ணி வந்நு, அத்ரயேயுள்ளூ. அதுக்கு ஃபயர் ஃபோர்ஸ் ரெண்டு வண்டியா—”

“எங்க ஸ்ரீவைகுண்டத்துல வெள்ளம்னா வீட்டையே தூக்கிட்டுப் போறது சார்—”

“பேரே பூமாரி. மாரி இருக்கிற எடத்தில வெள்ளம் வராதோ?”

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ளுங்கள், சார்.

திருவனந்தபுரத்துக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான். பல கட்டடங்களிலிருந்து வரும் எச்சரிக்கைகளைத் திரையில் கவனிப்பது எங்கள் வேலை. வருவது ஒரே நீள வரி. நேரம், இடம், குறிப்பு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். கீரை ஆய்வதுபோல வேண்டியதைக் கிள்ளிக் கட்டத்தில் போட வேண்டும். எதைக் கிள்ளுவது என்று விதி எழுதுபவள் நான். மற்றவர்கள் கட்டத்தை மட்டும் பார்ப்பார்கள்.

விழிஞ்ஞத்தில் ஒரு மீன் குளிர்கிடங்கு. அதன் நிலவறையில் நீர்மட்டம் காட்டும் கருவி கெட்டுக் கிடந்தது. அங்கே பம்ப் ஓட்டும் தங்கப்பன் சேட்டன் சுவரில் மாட்டிய பெட்டியில் தட்டி அனுப்பும் குறிப்புதான் அதற்குப் பதில். தீயணைப்பு வண்டிகள் போனபோது மனிதர் பீடியோடு தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தாராம். அவர் மட்டும் எனக்குப் போன் செய்தார்.

“சாரமில்ல மோளே, போகட்டு. என் கல்யாணத்துக்கே ஒரு வண்டிதான் வந்நது. தமிழில வெள்ளம்னா அத்ர பயங்கரமோ?”

மறுநாள் என் நாற்காலியில் நீச்சல் ட்யூப் ஒன்று தொங்கியது. அணித் தலைவர் ஸ்ரீகண்டன், முதலில் கத்தினாரே அவர்தான், எனக்கு உத்தரவு போட்டார்.

“குறிப்பில முதல் வார்த்தை போதும், பாக்கி வேண்டா. வெள்ளம்னு கண்டா பச்சை, ஆபத்தில்ல.”

அப்படியே எழுதினேன். ‘வெள்ளம் கேறுந்நு’, அதாவது தண்ணீர் ஏறுகிறது என்று ஒரு வரி கொடுத்துச் சோதித்தேன். கட்டத்தில் ‘வெள்ளம்’ மட்டும் விழுந்தது, பச்சையாக. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. விதிக்கு ஒப்புதல் மட்டும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். ட்யூபைக் கழற்றவில்லை. மழைக்குக் காத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அது வந்தது. முழு வரிகள் ஓடும் ஜன்னலை என் இரண்டாவது திரையில் திறந்து வைத்திருந்தேன். முதலில் ‘வெள்ளம் கேறுந்நு’. பச்சை. பிறகு ‘வெள்ளம் முட்டோளம், வாதில் துறக்குந்நில்ல’. பச்சை. முழங்காலளவு தண்ணீர், கதவு திறக்கவில்லை. அதற்குள் எனக்கு மலையாளம் நன்றாக வந்துவிட்டிருந்தது.

ஸ்ரீகண்டன் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார். நாலு பெட்டி மீன் நனையட்டும், கிடங்குக்காரன் கூப்பிட்டுக் கத்தட்டும், அப்போது அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மீனுக்குத் தண்ணீர் புதிதா, சார்?

அந்த நிலவறைக் கதவு உள்பக்கம் திறப்பது. உள்ளே ஏறிய தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது. தங்கப்பன் சேட்டனின் போன் மேலே சார்ஜில் இருந்தது. குறிப்பு தட்டும் அந்தச் சுவர்ப் பெட்டி ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

மூன்றாவது வரியும் வந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டு டீ எடுக்கப் போனேன். இஞ்சி போட்ட டீ, நன்றாக இருந்தது. திரும்பி வந்தபோது வரிகள் நின்றிருந்தன.

தங்கப்பன் சேட்டன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவர் என்னை நம்பி எழுதினார் என்கிறீர்கள். அது சரியில்லை. ஆயிரம் பேர் எழுதுவதுபோல அவரும் இயந்திரத்துக்குத்தான் எழுதினார். அதை இயந்திரம் பார்த்துக்கொண்டது. வேண்டுமானால் மூன்றாவது வரியை நீங்களே சத்தமாகப் படியுங்கள், சார். கட்டத்தில் இருப்பதை அல்ல, முழுசாக.

“வெள்ளம், மோளே. நின்டெ தமிழ் வெள்ளம்.”