மோட்டார் நான் கட்டுனது

— எந்திரிச்சு வா கண்ணு. வண்டிக்கடியில கெடந்தது போதும். பொழுதோட மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை வந்துருவாங்க. கிரீஸ் மூஞ்சியோடவா போயி நிப்பே?

— இருங்கப்பா... அந்த டெஸ்ட் லேம்பை இப்படிக் குடுங்க.

— உங்கம்மா பட்டுச்சீலையை எடுத்து வெச்சுப்போட்டு வாசலுக்கும் ஷெட்டுக்குமா நடக்கறா.

— அம்மாவையே கட்டிக்கச் சொல்லுங்க. லேம்பு!

— இந்தா. அவ கட்டி என்ன பண்ண, அவளையா பாக்க வாராங்க? பேசுனபடி நடக்கோணும் சண்முகப்பிரியா. இன்னைக்குப் பொழுதுக்குள்ள இந்த வேனு மோட்டார்ல ஓடுனா உன் இஷ்டம். ஓடலீன்னா பிரிச்சு வித்துப்போட்டு, நான் சொல்ற பையனுக்குத் தலையாட்டோணும். ஒத்துக்கிட்டது நீதானே?

— நாந்தானுங்க. இன்னும் பொழுது கெடக்குதுங்களே.

— எஞ்சின்ல நல்லா ஓடிட்டிருந்த வேனு. அதுல மோட்டாரையும் கொண்டாந்து சேத்து, ஒரே கியர் பாக்ஸுக்கு ரெண்டு மாட்டைப் பூட்டுன கணக்கா... கணபதி வட்டாரத்துல இருக்கற அத்தனை ஒர்க்‌ஷாப்பும் சிரிக்குது.

— சிரிக்கட்டுமுங்க. ரெண்டு மாடு பூட்டுனாத்தானே அது வண்டி?

— வாயி... வாயி! சரி, மோட்டார் சுத்துதில்ல?

— ஜம்முன்னு சுத்துதுங்க. சக்கரந்தான் நகரலீங்க.

— மோட்டார் நான் கட்டுனது. இந்தப் பாலுசாமி கையில காயில் சுத்துன மோட்டார், கெணத்துல முங்கிக் கெடந்தாலும் சுத்தும். கோளாறு கியர் பாக்ஸுக்குள்ளதான்.

— உங்க மோட்டாரை ஆரு குத்தம் சொன்னா? மோட்டாரையும் கியர் பாக்ஸையும் சேத்துப் புடிக்கறது இந்தக் காந்தக் கிளட்ச்சுங்க. கரண்டு வந்தா ஒட்டும். இப்ப ஒட்டலீங்க.

— கிளட்ச்சு காயில் வெந்துபோயிருக்கும். கியர் பாக்ஸையே எறக்கோணும். நாலு நாள் வேலை. விட்டுப்போட்டுப் போயிக் குளி.

— எறக்காமயே பாக்கலாமுங்க. பேட்டரில இருந்து நேரா ஒரு ஒயர் குடுக்கறேன்... காதைக் குடுத்துக் கேளுங்க.

— குடு, கேக்கறேன்.

— கேட்டுச்சுங்களா? டக்குன்னு ஒட்டுச்சு. காயில் நல்லாத்தான் இருக்குது.

— அப்ப... பியூஸ் போயிருக்கும்.

— அதைக் காலையிலயே பாத்தாச்சுங்க. ரிலே வரைக்கும் லேம்பு எரியுது. ரிலேவைத் தாண்டியும் எரியுது. கிளட்ச்சுக்கிட்ட வந்தா எரிய மாட்டீங்குது. நடுவுல இருக்கறது ஒரே ஒரு ஒயருதானுங்க.

— அந்த மஞ்ச ஒயரை எலி கடிச்சிருக்கும். ஷெட்டுல எலி எச்சாப் போச்சு.

— மஞ்ச ஒயருன்னு நான் சொல்லவே இல்லீங்களே?

— ...சொன்னே.

— இல்லீங்கப்பா.

— வாயில வந்த கலரைச் சொன்னேன், விடு. ஒரு நாளாச்சும் மோட்டார்ல ஓடுன வண்டின்னா கெட்டுப்போச்சுங்கலாம். இது ஷெட்டைத் தாண்டவே இல்ல. கெட்டுப்போறதுக்கு இதுல என்ன இருக்குது?

— ...அதை அப்பறம் பேசலாமுங்க. டார்ச்சை இந்தப் பக்கம் அடிங்க. ஏன் வேற பக்கமே அடிக்கறீங்க?

— கண்ணு தெரியறதில்ல, வயசாச்சு.

— நேத்து வரைக்கும் ஆகலியேங்க! இன்னும் கொஞ்சம் கிட்ட... ஆங். ஏனுங்கப்பா, குனிஞ்சு பாருங்க.

— எனக்கு இடுப்பு வளையாது. எலிதானே?

— எலிதானுங்க. கட்டிங் பிளேயர் வெச்சிருக்கற எலி. நறுக்குன்னு ஒரே வெட்டு.

— எவனாச்சும் பொறாமை புடிச்சவன் பண்ணியிருப்பான். காலம் அப்படிக் கெடக்குது.

— இருக்குமுங்க. ஆனா அந்தப் பொறாமைக்காரன் வெட்டுன நுனி ரெண்டுக்கும் ஸ்லீவ் ஒறை மாட்டியிருக்கானுங்க. அது உருவிக்காம இருக்க நூலைச் சுத்தி முடிச்சும் போட்டிருக்கான். மோட்டார் காயிலுக்குப் போடற முடிச்சு. கெடுக்க வந்தவன் இத்தனை பதனமாவா கெடுப்பான்?

— நுனியைச் சும்மா விட்டா பாடியில பட்டு ஷார்ட் ஆயிருமல்ல? நீ அடியில கெடக்கறபோது தீப்புடிச்சுதுன்னா... அதான், நேத்து ராத்திரி வெட்டிப்போட்டு... கட்டிப்போட்டு வந்தேன்.

— வெட்டத் தெரிஞ்ச கைக்கு அப்படியே விட்டுப்போட்டு வரத் தெரியலீங்களாக்கும்.

— பயந்துபோட்டேன் கண்ணு. முந்தாநேத்து நீ ஜாக்குல தூக்கி வெச்சு ஓட்டுனதை ஜன்னல்ல நின்னு பாத்தேன். சக்கரம் பூப்போலச் சுத்துச்சு. நான் கட்டுன மோட்டாரு... கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பறந்தான் நெனச்சுப் பாத்தேன். இது ஓடிப்போச்சுன்னா நீ ஆரையும் கட்டிக்க மாட்டே. எங்களுக்கப்பறம் உனக்கு ஆரு?

— கட்டிக்க மாட்டேன்னு ஆரு சொன்னது? கல்யாணம் ஆனா ஷெட்டுப் பக்கமே எட்டிப் பாக்கக்கூடாதுன்னாங்களே, அந்த ஊட்டுக்குப் போகமாட்டேங்கறேன். ரெண்டாயிரமாவது வருசமே பொறக்கப்போகுது, நான் ஸ்பேனரைத் தொடறதுக்கு இன்னொருத்தர் உத்தரவு வேணுமாக்கும்?

— கத்தாதே, உங்கம்மா காதுல விழும்.

— விழட்டுமுங்க. நல்லா விழட்டும். ...ஒயரை முறுக்கி டேப் சுத்திப்போட்டேன். நீங்களே ஏறி உக்காருங்க. சுச்சைப் போடுங்க... மெதுவா மிதிங்க.

— ...அடேயப்பா. போகுது! சாமி, சத்தமே இல்லாமப் போகுது!

— முன்னால பாருங்கப்பா, சுவரு... சுவரு! பிரேக்!

— ...தோத்துப்போட்டேன், போ. உன் இஷ்டந்தான். ஆனா மாப்பிள்ளை வீட்டுல இந்நேரம் காரமடையில இருந்து கெளம்பியிருப்பாங்களே... வந்து எறங்குனவங்க மூஞ்சியைப் பாத்து நான் என்னன்னு சொல்லுவேன்?

— அவங்க வரமாட்டாங்கப்பா.

— உனக்கெப்படித் தெரியும்?

— ஓடுனா என் இஷ்டம்னீங்கல்ல? நேத்து மத்தியானம் நீங்க சோமனூருக்குக் கெணத்துல மோட்டார் எறக்கப் போயிட்டீங்க. நான் இதே வண்டியில காரமடைக்குப் போயி, அவங்க வாசல்ல நிறுத்தி, வேண்டாமுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேனுங்க. உங்களை ஓட்ட வெச்சுப்போட்டுச் சொல்லலாமுன்னு இருந்தேன். போறப்ப எஞ்சின். அவங்க வீதியை விட்டுத் திரும்பி வாரப்ப... நீங்க கட்டுன மோட்டாருங்க.