கடைசி தேதி

அவள்: இருங்க, போனை வெச்சுடாதீங்க. இன்னும் ஒரே ஒரு ஃபீல்டு.

அவன்: நேத்தும் இதையேதான் சொன்னீங்க. முக்கால் மணி நேரம் ஆச்சு.

அவள்: ஆஸ்பத்திரி டேட்டாபேஸ்ல ஒவ்வொரு ஃபீல்டுக்கும் வாய்க்கு வந்த பேரெல்லாம் வெச்சுட்டு, வேலையையும் விட்டுட்டு வேற ஊருக்குப் போயிட்டீங்க. விளக்கம் எழுதறது நான்ல?

அவன்: சரி சரி... எந்தப் பேரு?

அவள்: 'கடைசி தேதி'. நோயாளி கடைசியா வந்ததா, நாம கடைசியாக் கூப்பிட்டதா?

அவன்: வந்தது. ஆனா... யாராவது இறந்துட்டா, வார்டுல அந்தத் தேதியையும் அதுலயேதான் போட்டாங்க.

அவள்: அதான் வினை. போன மாசம் ஒருத்தருக்கு லெட்டர் போயிடுச்சு. 'ஆறு மாசமா நீங்க வரலை, உடனே வரவும்'னு. அவர் சம்சாரம் அதை எடுத்துக்கிட்டு கவுன்ட்டருக்கு வந்தாங்க.

அவன்: ஐயோ... சத்தம் போட்டாங்களா?

அவள்: போட்டிருந்தா தேவலையே. "வரச்சொல்லி எழுதியிருக்கீங்களே... அவர் இங்க எங்கயாவது இருக்காரா?"ன்னு கேட்டாங்க.

அவன்: ...

அவள்: இருக்கீங்களா?

அவன்: இருக்கேன்... ரெண்டாப் பிரிச்சிடுங்க. 'நோயாளி நேர்ல வந்த கடைசி நாள்', 'இறந்த நாள்'. 'மறைந்த', 'பிரிந்த'ன்னு பூசி மெழுகாதீங்க. யார் படிச்சாலும் ஒரே அர்த்தம்தான் வரணும்.

அவள்: அடேங்கப்பா! யாரு பேசறது பாரு! கிளம்பற அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல என்ன சொன்னீங்க?

அவன்: என்ன சொன்னேன்?

அவள்: "பார்ப்போம்"னீங்க. திரும்ப வந்து பார்க்கறதா... இல்ல, பார்க்கலாம் பார்க்கலாம்னு தள்ளிப்போடறதா?

அவன்: அது... சும்மா பேச்சுக்கு...

அவள்: ஓ. பேச்சுக்கு.

அவன்: இல்லைங்க. பஸ் நகர ஆரம்பிச்சிடுச்சு. வேற என்னமோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அவள்: ...சரி. நாளைக்கு 'நிலை'ன்னு ஒண்ணு இருக்கு, அதைக் கேக்கறேன்.

அவன்: அதை நல்லாத்தானே எழுதியிருக்கீங்க.

அவள்: என்னது? நீங்க எங்க பார்த்தீங்க?

அவன்: நீங்க எழுதினதை மேனேஜர் சரிபார்க்கச் சொல்லி முன்னாடியே எனக்கு அனுப்பினார். முழுசா. எல்லா ஃபீல்டுக்கும் நீங்க எழுதி முடிச்சே மூணு வாரமாச்சாம்.

அவள்: ...தெரிஞ்சேவா தினமும் உக்காந்து பதில் சொன்னீங்க?

அவன்: தெரியும்னு சொல்லியிருந்தா, மறுநாள் கூப்பிட்டிருக்க மாட்டீங்களே.