போகாத வீடு

இந்த மேசையின் முன்கால் ஒன்று குட்டை. நீங்கள் வருவதற்குள் பையிலிருந்த ஒரு காகிதத்தை மடித்து அடியில் செருகிவிட்டேன். ஆடுகிற மேசையில் எழுதினால் எழுத்துக் கோணும், பிறகு எழுதியவருக்கே படிக்க வராது. இருபத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இப்படிச் சின்ன விஷயங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

நான் சொல்லிக்கொடுப்பது வேளாண் பொருளியல். என் கணவரின் தங்கை பக்கத்துக் கட்டடத்தில், செவிலியர் கல்லூரியில் ஆசிரியை. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். எனக்குக் கல்யாணமானபோது அவளுக்குப் பதினோரு வயது. அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். கணக்கில் தோற்றுப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது, இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தேற்றியெடுத்தவளும் நான். நாத்தனார் என்று ஒருத்தி வாய்த்தால் இப்படி வாய்க்க வேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆராய்ச்சி யோசனை அவளுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காயக்காயப் பேசிக்கொண்டிருந்தோம்.

"அண்ணி, தோட்டத்துல பூச்சிமருந்து அடிக்கிறவங்க வீட்டுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நர்ஸ் போனாலே போதும். மருந்து பட்ட சட்டையை எப்படித் துவைக்கிறது, எப்போ டாக்டர்கிட்ட ஓடணும், இதைச் சொல்லிக்குடுத்தாலே பாதிப் பேர் படுக்க மாட்டாங்க. ஆனா நான் சொன்னா யார் கேக்கறாங்க? நீங்க கணக்குப் போட்டுக் காட்டினாக் கேப்பாங்க."

காட்டலாம் என்றேன். அறுபது குடும்பங்களை எடுத்தோம். சீட்டுக் குலுக்கிப் போட்டு முப்பது வீட்டுக்குச் சின்னவள் போவாள், முப்பது வீட்டுக்குப் போகமாட்டாள் என்று பிரித்தேன். இரண்டு வருஷம் இரண்டு பக்கமும் உடம்புக்கு முடியாமல் வேலைக்குப் போகாத நாள்களை எண்ணுவது என் பொறுப்பு. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் எல்லாத் தோட்டப் பகுதிக்கும் செவிலியரை நியமிப்பதாகச் சுகாதாரத் துறையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நாற்பதாயிரம் குடும்பம். இந்த எண்ணை மட்டும் தயவுசெய்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அறுபது பேருக்கும் மாதம் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பூச்சிமருந்து உடம்பில் ஊறினால் ரத்தத்தில் ஒரு சத்து குறையும், அதை அளக்கத்தான். முடிவுச் சீட்டு எனக்கு மட்டும் வரும். சின்னவள் பார்த்தால் மனசு இளகி யாரையாவது தனியாகக் கவனிக்கத் தொடங்கிவிடுவாள், அதனால். சீட்டு வந்ததும் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுவது என் வழக்கம். யாருக்காவது குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இறங்கினால், எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் நான் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான்தான். உங்கள் கோப்பில் இருக்கிறது, வாசித்துக் காட்ட வேண்டாம்.

முதல் வருஷம் வித்தியாசம் அழகாகத் தெரிந்தது. இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் குறைய ஆரம்பித்தது. போகாத வீடுகளிலும் ஆட்கள் தேறிக்கொண்டிருந்தார்கள். முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தேன். தப்பு என்னிடம் இல்லை.

எங்கள் பதிவேட்டில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். போகாத வீடுகளில் நாற்பத்தொன்று ஒரு வாயாடி. மாதாமாதம் நான் போய், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று கேட்பேன். "போகாத நாளையே கேக்கறீங்களே பெரிய டீச்சர், போன நாளை ஒரு தடவை கேட்டா நான் கோவிச்சுக்கவா போறேன்?" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவரைப் பிடிக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டுக் குழாயடியில்தான் மூடி போட்ட நீல வாளியைப் பார்த்தேன். மருந்து பட்ட சட்டைக்குத் தனி வாளி, மூடியோடு. சின்னவள் போகிற வீடுகளில் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"சின்ன டீச்சர்தான். ஞாயித்துக்கிழமை வருவாங்களே," என்று சொல்லிவிட்டு அவருடைய மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

அடுத்த தெருவில் இன்னும் மூன்று போகாத வீட்டில் அதே நீல வாளி.

ஐந்து மாதமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சின்னவள் வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்பாள். பாவம், ஓய்வில்லாமல் உழைக்கிறாளே என்று அவளுக்குத் தனியாகச் சாப்பாடு கட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"வாளியெல்லாம் நம்ம வண்டியிலதானே போச்சு. நான்தான் ஓட்டிட்டுப் போனேன். நாலு வாளி குடுத்ததுல என்ன குடி முழுகிப்போச்சு?"

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோட்டத்துத் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் காது குத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்ததைப் போல் அதற்கு முன்னும் எரிந்ததில்லை, பின்னும் இல்லை. ஆனால் நான் சண்டை போடவில்லை. சின்னவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒழுங்காக நடப்பவர்கள் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த மாதமே நாற்பத்தொன்றின் அளவு குறைந்தது. வாளி துணியைத்தான் காப்பாற்றும், முதுகில் ஒழுகுகிற மருந்து டேங்கை என்ன செய்யும்? அதற்கடுத்த மாதம் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. நான் சீட்டைப் பார்த்தேன். மருத்துவரிடம் சொன்னால் அவரைத் தோட்டத்திலிருந்து விலக்கி, மருந்து கொடுத்து, இரண்டு மாதத்தில் தேற்றிவிடுவார்கள். போகாத பக்கம் இன்னும் ஒருவர் தேறுவார். சின்னவள் கலைத்துப்போட்டதை நான் என் கையாலேயே இன்னும் கொஞ்சம் கலைத்த மாதிரி ஆகும். சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் அவர் ஒன்பது நாள் படுத்தார். அடுத்த மாதம் பதினாறு நாள். வித்தியாசம் மெல்லத் திரும்பி வந்தது. அந்த வரைபடத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

மூன்றாம் மாதம் சின்னவள் என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, நாப்பத்தொண்ணை வழியில பாத்தேன். கண்ணுமணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது, வாயில எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு. அவர் ரிப்போர்ட் எப்படி வந்திருக்கு?"

வழியில் பார்த்தாளாம். அப்போதும் அவள் வாயிலிருந்து உண்மை வரவில்லை. அவள் மட்டும் "அண்ணி, நான் அங்க போயிட்டு வர்றேன், தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பையைத் திறந்து சீட்டை எடுத்துக் கொடுத்திருப்பேன். அவளுக்கு நான் கொடுத்த சந்தர்ப்பம் அது. கால் நிமிஷம் காத்திருந்தேன் என்றுகூட ஞாபகம்.

"நார்மல்," என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"இதுவரைக்கும் உனக்கு ஒரு தப்பான கணக்குச் சொல்லியிருக்கேனா?"

அவள் முகம் தெளிந்தது. "அப்போ வெயில்தான் போல," என்று சொல்லிப் போனாள். நேராக அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை, பெரிய டீச்சர் பார்த்துச் சொல்லிவிட்டார் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாளாக வேலைக்குப் போகாமலிருந்தவர் மறுநாள் டேங்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மத்தியானத்துக்குள் பாத்தி நடுவில் விழுந்துவிட்டார். டேங்கைக் கழற்றக்கூட நேரமிருக்கவில்லை என்றார்கள்.

நான் போனேன். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பக்கத்தில் நின்ற சின்னவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கணக்குப் புரியும்போது சின்ன வயசில் அப்படித்தான் பார்ப்பாள்.

பிறகு அவள் செய்தது உங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்துக்குப் போய் நகல் கேட்டாள். என் பெயரை எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு உங்களிடம் புகாராகக் கொடுத்தாள். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். வளர்த்த கையைக் கடிப்பது என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். என் கணவர் பத்து நாளாக அவள் வீட்டில் இருக்கிறார்.

நீங்கள் கொலை என்கிறீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள். இறந்தவரை எங்கள் கணக்கில் சேர்க்க முடியாது. 'இடையில் விலகியவர்' என்று எழுதி, அவருடைய நாள்களை எல்லாம் கழித்துவிட வேண்டும். அவர் உயிரோடு படுத்திருந்தால்தான் எனக்கு உபயோகம். மாதம் பதினாறு நாள் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை நான் எதற்காகச் சாகவிடுவேன்? அவர் விலகிப்போனதில் என்னைவிட நஷ்டப்பட்டவர் யார்?

என் அலமாரிகளை மூன்று நாள் குடைந்தீர்கள். சீட்டை அனுப்பினோம் என்கிறது ஆய்வுக்கூடம். அது என் கைக்கு வந்ததா, நான் பார்த்தேனா என்பதுதான் உங்கள் சிக்கல். அரைகுறைப் பதிவேடு எனக்கும் பிடிக்காது. குனிந்து மேசைக் காலுக்கு அடியில் இருப்பதை எடுத்துப் பிரியுங்கள். ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று இருக்கும், தேதியும் இருக்கும், கையெழுத்து என்னுடையதுதான்.

எடுத்த இடத்தில் வேறு ஏதாவது காகிதம் வையுங்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்போது மேசை ஆடக் கூடாது.