சாவியை எப்படிக் கேட்கணும்

ஸ்டேஷன் டீ நல்லாருக்கு சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். சொன்னா கோவிச்சுக்கிறவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்க அப்படித் தெரியலை.

தி.நகர்ல எங்க ஜவுளிக்கடையில பட்டுச்சேலை மாடிக்கு நான்தான் சூப்பர்வைசர். பேரு சுயம்புலிங்கம், வேலை பாக்குற பிள்ளைங்க அண்ணாச்சின்னு கூப்பிடும். போன வருஷம் அடையாறுலேருந்து கீர்த்தின்னு ஒரு டிரெய்னர் அம்மா வந்து வகுப்பு எடுத்தாங்க. குறை சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம நன்றி சொல்றவந்தான் முன்னுக்கு வருவான்னாங்க. எனக்கு அது மனசுல பதிஞ்சிடுச்சு. அன்னையிலேருந்து நான் என்ன குறை சொன்னாலும் பிள்ளைங்க ‘நன்றி அண்ணாச்சி’ன்னு சொல்லணும்.

செண்பகம் மாதிரி யாரும் சொன்னதில்லை. தென்காசிப் பக்கத்துப் பொண்ணு. சேலை விரிக்கிற வேகம் பத்தாதுன்னேன், நன்றின்னுச்சு. சுவத்துல சாயாதேன்னேன், நன்றி. தண்ணி ரொம்பக் குடிக்காதே, அப்புறம் பாத்ரூமுக்கு ஓடணும்னேன், அதுக்கும் நன்றி. அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும் சார். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

அதுக்கு வீசிங் உண்டு, மூச்சு இழுக்கும். முகூர்த்தச்சேலை எடுக்க வந்தவங்க முன்னால வாயில மருந்து பஃப் அடிச்சா அபசகுனமா நினைப்பாங்க. அதனால பஃபை லாக்கர்ல பூட்டிட்டு சாவியை என்கிட்ட குடுக்கச் சொன்னேன். வேணும்னா கேட்டு வாங்கிக்கலாம்.

அன்னைக்கு ஆடித் தள்ளுபடிக் கூட்டம், கட்டுப் பிரிச்ச தூசி வேற. செண்பகம் வந்து ‘சாவி’ன்னுச்சு, மொட்டையா. கஸ்டமர் பார்க்கிறாங்க, சிரிச்சு முழுசாக் கேளுன்னேன். ‘அண்ணாச்சி, சா...’ன்னு இழுத்துச்சு. முன்னைக்கு இப்ப தேவலை, இன்னொரு தடவை கேளுன்னேன்.

பக்கத்துல நின்ன மதுமதி, ‘குடுத்திருங்க அண்ணாச்சி, உதடு நீலமாவுது’ன்னு அழுதுச்சு. குறுக்கே பேசாதேன்னு அதையும் திருத்த வேண்டியதாப் போச்சு. ‘நன்றி அண்ணாச்சி’ன்னுட்டு நின்ன இடத்துலயே நின்னு அழுதுச்சு.

செண்பகம் என் காலைப் பிடிச்சுக்கிட்டே தரையில உட்கார்ந்துச்சு. வேலை நேரத்துல உட்காரக் கூடாதுன்னு சொன்னேன். ஆஸ்பத்திரி போற வழியிலேயே உயிர் போயிடுச்சு.

நான் சொன்னதுல ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். சாவி என் சட்டைப்பையிலதான் இருந்துச்சு. அந்தப் பிள்ளை கொஞ்சம் சிரிச்சுக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்.